அடாப்டர் வைத்த யூஎஸ்பி ஹப் மக்கர் செய்தால் முதலில் எங்கே கை வைப்பது?

கடையில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதன் பின்னால் தொங்குவதோ ஒரு படையே: பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை ரீடர், வெப்கேம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க். போதாக்குறைக்கு, ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டும் பென் டிரைவ். கேபினட்டின் முன்பக்கம் இருக்கும் இரண்டு போர்ட்டில் ஒன்று எப்போதோ ஆடிப்போய்விட்டது. அதனால் ஒரு போர்ட்டை ஏழாக்கிக் கொடுக்கும், தனி அடாப்டருடன் வரும் ஹப்பை மேசை மேல் வைத்து வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது இருப்பது மூன்றாவது. முந்தைய இரண்டில் ஒன்றை நானே கொன்றேன். அந்தக் கதை கீழே வருகிறது.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த மாதிரி ஹப்புக்குள் இரண்டு வயர் வருகிறது. கரன்ட் சுவரிலிருந்து அடாப்டர் வழியாக வருகிறது. டேட்டா கம்ப்யூட்டரிலிருந்து யூஎஸ்பி கேபிள் வழியாக வருகிறது. எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது கரன்ட் வழியா, டேட்டா வழியா என்பதுதான். அது தெரியாமல் டிரைவரை அழித்துத் திரும்பப் போடுவது, விண்டோஸையே புதிதாக ஏற்றுவது என்று இறங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். என்னுடையது போயிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் மட்டும் 'டிக்... டிக்...' என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது

மவுஸ் ஓடும், கீபோர்டு ஓடும், பென் டிரைவ்கூடத் திறக்கும். ஹார்ட் டிஸ்கைச் செருகினால் மட்டும் உள்ளே ஏதோ சுற்ற முயன்று தோற்கிற சத்தம். டிஸ்க் போச்சு என்று பதறாதீர்கள். பெரும்பாலும் அதற்குப் பசி, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். அடாப்டர் இல்லாத ஹப் அந்த 500-இல் தன் பங்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் நூறு நூறாகத்தான் பிரித்துக் கொடுக்க முடியும். அடாப்டர் இருந்தால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் முழு 500 கிடைக்கும், யூஎஸ்பி 3.0 ஹப்பாக இருந்தால் 900. கையடக்கமான இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க், உள்ளே தட்டு சுற்றத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில் ஒரு ஆம்பியரை ஒட்டி இழுக்கும். சுற்றிவிட்டால் அப்புறம் அடங்கிவிடும். அந்த முதல் தள்ளுக்குக் கரன்ட் போதவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயன்று 'டிக்' போடும்.

"அதான் அடாப்டர் மாட்டியிருக்கே, விளக்கும் எரியுதே" என்பீர்கள். நானும் அதில்தான் ஏமாந்தேன். அடாப்டர் செத்துப்போனாலும் பல ஹப்கள் கம்ப்யூட்டர் கேபிளிலிருந்து கரன்ட்டை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்யும். விளக்கும் எரியும். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் அந்த நூறே தாராளம். மாட்டிக்கொள்வது ஹார்ட் டிஸ்க் மட்டும். எங்கள் கடைப் பையன் மூன்று நாள் "அண்ணே, டிஸ்க் மறுபடியும் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் புது டிஸ்க் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அடாப்டர் பச்சைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. வேலை செய்கிற அடாப்டர் கொஞ்சமாவது வெதுவெதுப்பாக இருக்கும்.

கை வைத்துப் பார்ப்பது ஒரு குத்துமதிப்புதான். சரியாகப் பார்க்க வேண்டுமென்றால், போர்ட்டில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் சின்ன யூஎஸ்பி மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். ஹார்ட் டிஸ்க்கை அந்த மீட்டர் வழியாகச் செருகி, அது சுற்றத் தொடங்கும்போது எண்ணைப் பாருங்கள். 4.75 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அடாப்டர் தள்ளாடுகிறது, இல்லையென்றால் இடையில் ஒரு மெலிந்த கேபிள் தின்கிறது. மல்டிமீட்டரை அடாப்டர் பின்னில் மட்டும் வைத்துப் பார்த்து 5.1 வந்துவிட்டது என்று திருப்திப்பட வேண்டாம். சுமை இல்லாதபோது நோஞ்சான் அடாப்டரும் நிமிர்ந்துதான் நிற்கும்.

அடாப்டர் உயிரோடு இருந்தும் போதாமல் இருப்பது இன்னொரு வகை. ஏழு போர்ட் 3.0 ஹப், போர்ட்டுக்கு 900 என்று வைத்தால் மொத்தம் 6.3 ஆம்பியர் வேண்டும். பெட்டிக்குள் வருவதோ பல நேரம் 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். எல்லா போர்ட்டிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் முழுச் சாப்பாடு கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கொடுப்பது அது. கல்யாண வீட்டில் முதல் பந்தி கணக்கு மாதிரி. இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் 4 ஆம்பியருக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

அடாப்டர் மாற்றும்போது: நான் கொன்ற ஹப்

இது அறிகுறி இல்லை, ஆனால் மேலே உள்ளதைப் படித்துவிட்டு நேராக இதற்குத்தான் வருவீர்கள். வீட்டு டிராயரில் பழைய அடாப்டர் நாலைந்து கிடக்கும். ரவுட்டருடையது, செட்டாப் பாக்ஸுடையது, செத்துப்போன ஸ்பீக்கருடையது. பின் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளேயும் சரியாகப் போய் உட்காரும். அப்படித்தான் ஒருநாள் அவசரத்தில் ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் ஹப்பில் செருகினேன். பட் என்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் வறுத்த மீன் கருகின மாதிரி ஒரு நாற்றம். ஹப் போனதோடு விடவில்லை. மலிவான 5 வோல்ட் ஹப்களில் அடாப்டரிலிருந்து வருகிற கரன்ட் பெரிதாக எந்தத் தடுப்பும் இல்லாமல் போர்ட்டுக்கு நேராகப் போகும். செருகியிருந்த ஒரு பென் டிரைவும் கூடவே போனது. நல்ல வேளை, அது என்னுடையது.

ஆகவே ஹப்பின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். வோல்ட் அச்சு அசலாக அதே எண் இருக்க வேண்டும். 5 என்றால் 5, 12 என்றால் 12. ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். அதிகமாக இருப்பதால் ஹப் கெடாது, தேவையானதைத்தான் எடுத்துக்கொள்ளும். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்ன வட்டப் படம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது என் கடையில் ஒவ்வொரு அடாப்டரின் கழுத்திலும் மெடிக்கல் டேப் சுற்றி, எதற்குரியது, எத்தனை வோல்ட் என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாம் ஒரே நேரத்தில் போய், ஒரே நேரத்தில் வருகிறது

விண்டோஸ் 'டிங்-டுங்' என்று பிரியாவிடை சொல்லி, இரண்டு விநாடியில் மறுபடி வரவேற்கிறது. ஒரு சாமான் மட்டும் போனால் அந்தச் சாமானைச் சந்தேகப்படலாம். ஏழும் ஒன்றாகப் போனால் ஹப், அதன் அடாப்டர், கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள் ஆகிய மூன்றில் ஒன்று.

முதலில் கேபிளை இலேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது போய்வந்தால் விஷயம் முடிந்தது, மாற்றுங்கள். மாற்றும்போது நீளத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 2.0-க்கு 5 மீட்டர்தான் உச்சம், 3.0-க்கு 3 மீட்டர் தாண்டினாலே தகராறு. முன்பக்க போர்ட்டில் செருகியிருந்தால் பின்பக்கம் மதர்போர்டில் நேராக இருக்கும் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே ஒரு கேபிள் தனியாக ஓடுகிறது. அதுவும் ஒரு பலவீனமான இடம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய காரணம். கரன்ட் போகும்போது கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கும். ஹப்பின் அடாப்டர் மட்டும் சாதாரண பிளக்கில் இருக்கும். யூபிஎஸ் பின்னால் இருக்கும் இரண்டு மூன்று சாக்கெட்டில் சிபியுவும் மானிட்டரும் உட்கார்ந்துவிட்டால் ஹப்பை யார் நினைக்கிறார்கள்? கரன்ட் போன நொடியில் ஏழு சாமானின் சுமையும் கம்ப்யூட்டரின் ஒற்றை போர்ட் தலையில் விழும். போர்ட் தன்னைக் காத்துக்கொள்ள மூடிக்கொள்ளும். 'யூஎஸ்பி போர்ட்டில் பவர் சர்ஜ்' என்று ஒரு எச்சரிக்கை வந்தால் அது பெரும்பாலும் இதுதான். அந்த நேரம் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் பாதி எழுதிய ஃபைலோடு டிஸ்க் அறுந்துவிழும். மருந்து சுலபம்: ஹப் அடாப்டரையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். அது இழுப்பது 20 வாட்டுக்குள்தான். யூபிஎஸ் தாங்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கரன்ட் போகாமலே விழுந்தால், அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேறு என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் கடையில் லேமினேஷன் மெஷின் சூடேறத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஹப் கண்ணை மூடித் திறந்தது. பாக்ஸின் சாக்கெட் தளர்ந்துபோய் உள்ளே கருகியிருந்தது. லேமினேஷனை வேறு பிளக்குக்கு மாற்றி, பாக்ஸைத் தூக்கிப் போட்டதும் நின்றுவிட்டது.

பக்கத்துப் பக்கத்து மூன்று நான்கு போர்ட் மட்டும் வேலை செய்யவில்லை

இதற்குக் காரணம் தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம். ஏழு போர்ட் ஹப் என்று விற்பது பெரும்பாலும் உள்ளே இரண்டு நான்கு போர்ட் ஹப்தான். முதல் சிப்பின் நான்கில் ஒன்று இரண்டாவது சிப்புக்கு டேட்டாவைக் கொண்டுபோகும். மிச்சம் மூன்றும் இரண்டாவதின் நான்கும் சேர்ந்து ஏழு. பத்து போர்ட் என்றால் மூன்று சிப். ஆகவே வரிசையாக நான்கு போர்ட் ஒன்றாகச் செத்தால் இரண்டாவது சிப் போய்விட்டது என்று அர்த்தம். தூசி தட்டிப் பயனில்லை. மிச்ச மூன்றை வைத்து ஓட்டலாம்; நான் ஒரு வருடம் ஓட்டினேன்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஹப்பில் ஹப், அதில் இன்னொரு ஹப் என்று கோத்துக்கொண்டே போக முடியாது. நடுவில் ஐந்து ஹப் வரைதான் அனுமதி. ஏழு போர்ட் ஹப் ஒன்று அந்தக் கணக்கில் இரண்டாக விழும். மானிட்டருக்குள் ஒரு ஹப் இருக்கலாம், கீபோர்டுக்குள் ஒன்று இருக்கலாம். நினைத்ததைவிடச் சீக்கிரம் ஐந்து வந்துவிடும்.

ஒரே ஒரு போர்ட் மட்டும் போனால், பக்கத்தில் தனி ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். யாருடைய முழங்கையாவது பட்டு அணைந்திருக்கும். அந்த ஸ்விட்ச் எல்லாம் பார்க்க அழகு, வேறு உபயோகம் குறைவு.

காப்பி ஆமை வேகத்தில் போகிறது

3.0 ஹப்தான், நீல நிற போர்ட்தான், இருந்தாலும் விநாடிக்கு முப்பத்தைந்து நாற்பது மெகாபைட்டைத் தாண்டவில்லை. அந்த எண் வந்தாலே 2.0 வேகத்தில் இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று காரணம் நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, கேபிள். ஹப்பின் பின்னால் இருக்கும் சதுர சாக்கெட்டில் பிரிண்டரின் சாதாரண கேபிளும் போய் உட்காரும், வேலையும் செய்யும், ஆனால் 2.0 வேகத்தில்தான். 3.0 கேபிளின் முனை தலையில் ஒரு சின்னத் திமில் வைத்த மாதிரி இருக்கும். கடை சுத்தம் செய்தபோது பையன் இரண்டு கேபிளையும் மாற்றிச் செருகப் பார்த்திருக்கிறான். திமில் வைத்தது பிரிண்டருக்குள் போகவில்லை. பிரிண்டர் கேபிள் ஹப்புக்குள் சமர்த்தாகப் போய்விட்டது. அப்புறம் டிராயரில் வேறு கேபிள் தேடி பிரிண்டருக்குப் போட்டுவிட்டான். ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது வேடிக்கையானது. மெதுவாகச் செருகினால் மெதுவாக ஓடும்! 3.0 முனையில் பழைய நான்கு பின் முன்னாலும் புதிய ஐந்து பின் உள்ளே ஆழத்திலும் இருக்கின்றன. தயங்கித் தயங்கிச் செருகும்போது பழைய நான்கு முதலில் தொட்டு, கம்ப்யூட்டர் '2.0 சாமான் வந்திருக்கிறது' என்று பதிந்துவிடும். பிடுங்கிவிட்டு, ஒரே அழுத்தாகச் செருகுங்கள்.

மூன்றாவது, எதிர்பார்ப்பே தப்பு. 3.0 ஹப்புக்குள் உண்மையில் 3.0 ஹப் ஒன்று, 2.0 ஹப் ஒன்று என இரண்டு பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கின்றன. விண்டோஸில் எல்லாச் சாமானையும் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் இரண்டு பெயர் தெரியும். விநாடிக்கு 5 ஜிகாபிட் என்ற வேகம் 3.0 சாமான்களுக்கு மட்டும். 2.0 வெப்கேம் நான்கைச் செருகினால் நான்கும் சேர்ந்து பழைய 480 மெகாபிட்டைத்தான் பங்குபோட வேண்டும். ஹப் புதிதாக இருப்பதால் அவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. இரண்டாவது கேமரா திறக்காமல் அடம்பிடித்தால், அதைக் கம்ப்யூட்டரின் வேறொரு போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள்.

வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது

அதுவும் ஹார்ட் டிஸ்கில் காப்பி ஓடும்போது மட்டும். பேட்டரி மாற்றுவீர்கள், மவுஸ் பேட் மாற்றுவீர்கள், ஒன்றும் ஆகாது. 3.0 ஓடும்போது கேபிளிலிருந்தும் முனையிலிருந்தும் கசிகிற இரைச்சல், மவுஸுக்காகப் போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர் (டாங்கிள்) பேசுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹப்பில் டாங்கிளையும் ஹார்ட் டிஸ்கையும் பக்கத்துப் பக்கத்தில் செருகுவது, லவுட்ஸ்பீக்கருக்குக் கீழே நின்று போன் பேசுவது மாதிரி. டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள். போதும்.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கீபோர்டு விளக்கு எரிகிறது

ஹப்புக்குத்தான் தனி அடாப்டர் இருக்கிறதே, அது எரிந்தால் தப்பில்லை. கவலைப்பட வேண்டியது வேறு. கம்ப்யூட்டரின் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஹப்பை அடாப்டரோடு விட்டுப் பாருங்கள். மதர்போர்டில் ஏதாவது விளக்கு மினுக்கினாலோ, ஹப்பைத் தவிர நேராகக் கம்ப்யூட்டரில் செருகிய சாமானில் உயிர் தெரிந்தாலோ, ஹப் கரன்ட்டைத் திருப்பி கம்ப்யூட்டருக்குள் தள்ளுகிறது என்று அர்த்தம். அப்படித் தள்ளக் கூடாது. மலிவு ஹப்களில் இதைத் தடுக்கும் பாகத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். பவர் கொடுக்காமலே பை எழுந்து உட்காரும். அந்த ஹப்பை நான் தொடர்ந்து வைத்துக்கொள்ளமாட்டேன். வேறு வழியில்லை என்றால், கம்ப்யூட்டரை அணைக்கும்போது ஹப்பையும் சேர்த்து அணைக்கிற மாதிரி ஒரே ஸ்விட்ச்சில் வையுங்கள்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் காணாமல் போகிறது

கைரேகை ரீடர் காலையில் வேலை செய்யும். மதியம் சாப்பிட்டு வந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லும். பிடுங்கிச் செருகினால் சரி. இது கரன்ட்டோ கேபிளோ இல்லை. விண்டோஸின் சிக்கன புத்தி. டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்' என்று இருப்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். ரூட் ஹப் இரண்டு மூன்று இருக்கும், எல்லாவற்றிலும் எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் அணையுங்கள்.

பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்கிறது, கூடவே 'காப்பி 1' என்று இன்னொரு பிரிண்டர் முளைத்திருக்கிறது

யாரோ போர்ட்டை மாற்றிச் செருகிவிட்டார்கள். தனக்கென்று சீரியல் நம்பர் சொல்லத் தெரியாத பிரிண்டரை வேறு போர்ட்டில் பார்த்தால் விண்டோஸ் புது ஆள் என்று நினைத்துக்கொள்ளும். பழைய போர்ட்டிலேயே திரும்பச் செருகினால் தானாகச் சரியாகும். ஹப்பின் போர்ட்டுகளுக்கு 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன், அதற்குப் பிறகு இந்தப் பஞ்சாயத்து இல்லை.

போன் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது

ஹப் சாதாரண போர்ட்டில் 500 அல்லது 900-க்கு மேல் தராது. சார்ஜிங் போர்ட் என்று தனியாகக் குறித்திருந்தால்தான் 1.5 ஆம்பியர் அளவுக்கு எடுக்க போன் துணியும். சார்ஜருக்கே போங்கள்.

உலோக ஹப்பைத் தொட்டால் சுருக்கென்கிறது

எர்த் பின் இல்லாத இரண்டு பின் அடாப்டர்களில் மெல்லிய கசிவு இருக்கும். வெறும் காலோடு ஈரத் தரையில் நின்றால் தெரியும். சுருக் என்பதைத் தாண்டி அடித்தால் அடாப்டரை உடனே கழற்றுங்கள். மேசை ஸ்பீக்கரில் ஹப் மாட்டியதும் ஓர் உறுமல் கேட்பதும் பல நேரம் எர்த் சம்பந்தப்பட்டதுதான். ஸ்பீக்கர், கம்ப்யூட்டர், ஹப் மூன்றையும் சரியாக எர்த் செய்த ஒரே பாக்ஸிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

மேலே எதிலும் சேரவில்லை

கம்ப்யூட்டரை அணையுங்கள். ஹப்பிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்குங்கள். அடாப்டரையும் கம்ப்யூட்டர் கேபிளையும்கூட. இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் ஹப் முழுசாக அணையாது, பழைய குழப்பத்தோடே இருக்கும். அரை நிமிடம் பொறுங்கள். அடாப்டரை முதலில், கம்ப்யூட்டர் கேபிளை அடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரைப் போடுங்கள். கீபோர்டை மட்டும் ஹப்பில் சேர்க்காமல் கம்ப்யூட்டரில் நேராக வையுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங் திரை) போக வேண்டி வந்தால் சில மதர்போர்டுகள் ஹப்பில் இருக்கும் கீபோர்டைக் கண்டுகொள்ளாது. பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக, கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ளும் வரை காத்திருந்து செருகுங்கள். மூன்று வரை ஒழுங்காக இருந்து நான்காவதைச் செருகியதும் எல்லாம் விழுந்தால், அந்த நான்காவதை எடுத்துவிட்டு ஐந்தாவதைச் செருகிப் பாருங்கள். ஐந்தாவதுக்கும் விழுந்தால் அடாப்டர். விழவில்லை என்றால் அந்த நான்காவது சாமான்.